கெர்னலில் ஒரு கறை: மூடிய டிரைவர்களும் ஜி.பி.எல் சண்டைகளும்

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பரணைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய குத்துவிளக்கு, உடைந்த டேபிள் ஃபேன் இவற்றுக்கு நடுவே மாமாவின் பழைய மடிக்கணினி கிடைத்தது. 2007-ல் அவர் பொறியியல் படித்தபோது வாங்கியது. பேட்டரி செத்துவிட்டது. ஆனால் மின்சாரத்தில் சொருகினால் இன்னமும் லினக்ஸ் ஓடுகிறது! அதனுடன் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் மூன்று கட்டளைகள். கீழே சிவப்பு மையில், "விண்டோஸ் டிரைவர் சி.டி. பத்திரம்!!!" என்று எழுதியிருந்தார்.

லினக்ஸ் ஓடும் கணினிக்கு விண்டோஸ் சி.டி. எதற்கு? மாமாவுக்குப் போன் போட்டேன்.

"வை-ஃபை வரணும்னா அப்ப அதுதான்டா வழி. விண்டோஸ் டிரைவரையே தூக்கி லினக்ஸுக்குள்ள போட்டு ஓட்டணும். அதுக்கு என்டிஸ்ராப்பர்னு ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

நம்ப முடியவில்லை. லினக்ஸ் கெர்னலில், தான் சுத்தமாக இருக்கிறதா என்று சொல்லும் ஒரு சின்ன ஃபைல் உண்டு. அதில் 0 என்றிருந்தால் சுத்தம். மாமாவின் கணினியில் திறந்து பார்த்தேன். 1 என்று இருந்தது. அதற்குப் பொருள், "என்னுள் மூலநிரல் தெரியாத அந்நிய நிரல் ஏறியிருக்கிறது, நான் கறைபட்டிருக்கிறேன்" என்பது.

ஒரு கணினி தன்னைத் தானே கறைபட்டதாக ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்? அந்த 1-க்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையின் வரலாறே இருக்கிறது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கணினித் துறை நண்பர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

உரிமம் என்ன சொல்கிறது?

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். அதற்காக அவர் எழுதிய உரிமம்தான் ஜி.பி.எல். அதன் இரண்டாம் பதிப்பு 1991 ஜூனில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தார். முதலில் லினக்ஸுக்கு வேறு உரிமம், காசுக்கு விற்கக் கூடாது என்பது அதில் விதி. 1992-ல் அவர் ஜி.பி.எல்லுக்கு மாறினார்.

ஜி.பி.எல்லின் சாரம் எளிது. நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய். ஆனால் மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் இதே உரிமத்தில் கொடு.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நிரலை ஓட்டுவதற்கு ஜி.பி.எல் எந்தத் தடையும் போடவில்லை. என் வீட்டில் என் கணினியில் எதை எதோடு சேர்த்து ஓட்டினாலும் அது என் பாடு. பிரதி எடுத்து மற்றவருக்குக் கொடுக்கும்போதுதான் நிபந்தனைகள் வருகின்றன. எனவே மாமா செய்தது குற்றமில்லை!

இரண்டு, ஜி.பி.எல் நிரலிலிருந்து "கிளைத்த" படைப்பு என்றால் அதற்கும் ஜி.பி.எல் பொருந்தும். தனித்து நிற்கும் படைப்பு என்றால் பொருந்தாது. எது கிளைத்தது, எது தனித்தது? முப்பது வருடச் சண்டை முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான்.

சாதாரணப் பயன்பாட்டு நிரல்களுக்கு லினஸ் ஆரம்பத்திலேயே பதில் சொல்லிவிட்டார். கெர்னலோடு வரும் உரிமக் கோப்பின் தலைப்பிலேயே, சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலின் சேவையைக் கேட்கும் நிரல்கள் கிளைத்த படைப்பு ஆகாது என்று எழுதி வைத்தார். அதனால்தான் மூடிய நிரல்களை லினக்ஸில் நிம்மதியாக ஓட்ட முடிகிறது.

டிரைவர் கதை வேறு. அது கெர்னலுக்கு வெளியே நின்று கதவைத் தட்டுவதில்லை. உள்ளேயே போய் உட்கார்ந்து, கெர்னலின் நினைவகத்தையும் ஃபங்ஷன்களையும் நேரடியாகத் தொடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் டிரைவரைத் தனி மாட்யூலாக ஏற்றும் வசதி வந்ததும், "மாட்யூல் தனி ஃபைல்தானே, மூலநிரல் ஏன் தர வேண்டும்?" என்று நிறுவனங்கள் கேட்கத் தொடங்கின.

லினஸின் பதில் கறுப்பாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை. 2003 டிசம்பரில் எழுதிய மடல்களில் அவர் ஆண்ட்ரூ ஃபைல்சிஸ்டத்தை உதாரணம் காட்டினார். அது லினக்ஸுக்காக எழுதப்பட்டதே அல்ல, முன்பே வேறு கணினிகளில் ஓடியது. அதை லினக்ஸின் வழித்தோன்றல் என்று சொல்ல முடியாது. ஆனால் லினக்ஸை மனத்தில் வைத்து, அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டு எழுதிய மாட்யூல் கிளைத்த படைப்புத்தான் என்பது அவர் வாதம். நடுவில் கிடப்பதெல்லாம் சாம்பல் நிறம்.

2001: கறை பிறந்தது

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கெர்னல் எழுதுபவர்களுக்கு வேறு ஒரு தலைவலி. "கணினி உறைந்துவிட்டது, பாருங்கள்" என்று பிழை அறிக்கை வரும். நாள் கணக்கில் உட்கார்ந்து தேடினால் ஏதோ ஒரு மூடிய மாட்யூல் கெர்னலின் நினைவகத்தைக் கெடுத்திருக்கும். மூலநிரல் இல்லாமல் அதை யார் சரிசெய்வது?

எனவே 2001-ல், 2.4 வரிசைக் கெர்னலில் ஓர் ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு மாட்யூலும் தன் உரிமம் என்ன என்று ஒரு வரியில் அறிவிக்க வேண்டும். ஜி.பி.எல்லோடு ஒத்துப்போகாத உரிமம் என்றால் மாட்யூல் ஏறும், ஓடும், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கெர்னலில் கறை விழும். அதற்குப் பிறகு வரும் பிழை அறிக்கையில் அந்தக் கறை தெரியும். "உன் டிரைவர் கம்பெனியிடம் போய்க் கேள்" என்று சொல்லிவிடலாம்.

கூடவே இன்னொன்றும் வந்தது. கெர்னலின் சில ஃபங்ஷன்களுக்கு "ஜி.பி.எல் மாட்யூல்களுக்கு மட்டும்" என்று முத்திரை குத்தினார்கள். முத்திரை இல்லாதவற்றை யாரும் அழைக்கலாம்.

முத்திரை என்று வந்துவிட்டால் போலி முத்திரை வராமல் இருக்குமா?

ஒரு பூஜ்யத்தின் தந்திரம்

2004 ஏப்ரலில் ஒரு கெர்னல் நிரலாளர் விநோதமான ஒன்றைக் கண்டுபிடித்தார். லினக்ஸாண்ட் என்ற கனடா நிறுவனம் மோடம் டிரைவர்கள் கொடுத்துவந்தது. உள்ளே ஒரு பகுதி மூடிய நிரல். ஆனால் மாட்யூல் ஏறினால் கெர்னல் "ஜி.பி.எல்" என்றே நினைத்தது!

சி மொழி படித்தவர்களுக்கு இது உடனே புரியும். சி-யில் ஒரு சரம் பூஜ்ய எழுத்து வந்த இடத்தில் முடிந்துவிடும். அந்த நிறுவனம் உரிம வரியில் "ஜி.பி.எல்" என்று எழுதி, பிறகு ஒரு பூஜ்ய எழுத்தை வைத்து, அதற்குப் பின்னால் "ஜி.பி.எல் என்ற அடைவில் உள்ள ஃபைல்களுக்கு மட்டும், மற்றவற்றுக்கு எங்கள் உரிமம்" என்ற பொருளில் தொடர்ந்திருந்தது. மனிதர் படித்தால் முழு வரி. கெர்னல் படித்தால் முதல் மூன்று எழுத்துதான். பலே!

எங்கள் டிரைவர் பல மாட்யூல்களாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வந்து பயனர்கள் குழம்புகிறார்கள், அதைத் தவிர்க்கத்தான் இப்படிச் செய்தோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. கெர்னல் நிரலாளர்கள் கொதித்துப்போனார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பிலிப்ஸ் வெப்கேம் டிரைவர் விவகாரம். டிரைவர் கெர்னலோடு வந்த ஜி.பி.எல் நிரல். ஆனால் பெரிய அளவுப் படம் வேண்டுமென்றால் படத்தை விரிக்கும் ஒரு மூடிய மாட்யூலைத் தனியாக ஏற்ற வேண்டும். அதை எழுதியவர் பிலிப்ஸோடு ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தார், மூலநிரலைக் கொடுக்க முடியாது. மூடிய நிரலை மாட்டுவதற்கென்றே கெர்னலில் ஒரு கொக்கி இருக்கக் கூடாது என்று அந்தக் கொக்கியை நீக்கினார்கள். மனம் நொந்த அவர், என் டிரைவரையே முழுசாக எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தும் விட்டார்கள். ஒரே நாளில் பலருடைய கேமரா அநாதையானது. பிறகு வேறொருவர் அந்தப் படம் விரிக்கும் முறையைத் தலைகீழாக ஆராய்ந்து திறந்த நிரலாக எழுத, டிரைவர் திரும்ப வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. கொள்கை சரி. ஆனால் கேமரா வாங்கியவன் என்ன தப்புச் செய்தான்?

துபாஷி குற்றவாளியா?

இப்போது மாமாவின் வை-ஃபைக்கு வருவோம்.

2003 வாக்கில் மடிக்கணினிகளில் வை-ஃபை பரவியது. பல சிப் நிறுவனங்கள் லினக்ஸுக்கு டிரைவரும் தரவில்லை, சிப்பின் விவரக் குறிப்பும் தரவில்லை. ரேடியோ அலைவரிசை விதிகளைப் பயனர் மீறிவிடுவார் என்பது அவர்கள் அடிக்கடி சொன்ன காரணங்களில் ஒன்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2003-ல் லிங்க்சிஸ் டபிள்யு.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸே ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். நெருக்கடிக்குப் பிறகு மூலநிரல் வெளியானது, அதிலிருந்துதான் 2004-ல் ஓப்பன்டபிள்யுஆர்டி பிறந்தது. ஆனால் அந்த ரவுட்டரில் இருந்த பிராட்காம் வை-ஃபை டிரைவர் மட்டும் மூடிய மாட்யூலாகவே இருந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் என்டிஸ்ராப்பர் வந்தது. விண்டோஸில் நெட்வொர்க் டிரைவர்கள் என்.டி.ஐ.எஸ். என்ற பொது இடைமுகத்தின்படி எழுதப்படும். டிரைவர் விண்டோஸ் கெர்னலிடம் "எனக்கு நினைவகம் கொடு", "இந்த பாக்கெட்டை வாங்கிக்கொள்" என்று சில ஃபங்ஷன்களை அழைக்கும். அதே பெயருள்ள ஃபங்ஷன்களை லினக்ஸுக்குள் எழுதி வைத்துவிட்டால்? டிரைவருக்குத் தான் விண்டோஸில் இல்லை என்பதே தெரியாது! என்டிஸ்ராப்பர் செய்தது அதைத்தான். விண்டோஸ் பேச்சை வாங்கி லினக்ஸ் பேச்சாக மாற்றும் துபாஷி வேலை. ஃபங்ஷன்களுக்கு மதிப்புகளைக் கொடுக்கும் முறைகூட இரண்டிலும் வேறு, அதையும் மாற்ற வேண்டும். ஃபெடோரா போன்ற வழங்கல்கள் கெர்னல் ஸ்டாக்கை 4 கிலோபைட்டாகச் சுருக்கியபோது, அதிக இடம் எதிர்பார்த்த விண்டோஸ் டிரைவர்கள் கவிழ்ந்த கதையும் உண்டு.

உரிமக் கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. என்டிஸ்ராப்பர் முழுக்க ஜி.பி.எல். ஒளிவு மறைவு இல்லை, லினக்ஸாண்ட் போல ஏமாற்றும் இல்லை. அது ஏற்றும் விண்டோஸ் டிரைவரோ மூடிய நிரல். ஆனால் அந்த டிரைவரை எழுதியவர் லினக்ஸைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. லினஸ் சொன்ன ஆண்ட்ரூ ஃபைல்சிஸ்டம் வாதப்படி பார்த்தால், அது லினக்ஸின் கிளைப் படைப்பு ஆகவே முடியாது. அப்படியானால் "ஜி.பி.எல்லுக்கு மட்டும்" என்ற ஃபங்ஷன்களை என்டிஸ்ராப்பர் அழைக்கலாமா?

2006 அக்டோபரில் இந்த விவாதம் சூடானது. லினஸே அழைக்கக் கூடாது என்ற பக்கம் நின்றார். என்டிஸ்ராப்பர் தான் மட்டும் ஜி.பி.எல் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை, ஜி.பி.எல் மட்டும் என்ற ஃபங்ஷன்களை வாங்கி ஜி.பி.எல் அல்லாத நிரலுக்குக் கைமாற்றிக் கொடுக்கிறதே என்பது அவர் வாதம். எதிர்ப்பக்கம், எங்கள் நிரலின் ஒவ்வொரு வரியும் திறந்தே இருக்கிறது, பயனர் எதை ஏற்றுகிறார் என்பதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றது.

2.6.24-க்குப் பிறகு செய்த ஒரு மாற்றத்தால், என்டிஸ்ராப்பருக்கு அந்த ஃபங்ஷன்கள் கிடைக்காமல் போயின. வேண்டுமென்று செய்ததல்ல, வேறொரு திருத்தத்தின் பக்க விளைவு. மறுபடியும் விவாதம். 2008-ல் அதைச் சரிசெய்து, கெர்னலின் மாட்யூல் ஏற்றும் கோப்பில் காரணத்தையும் குறிப்பாக எழுதி வைத்தார்கள். என்டிஸ்ராப்பர் தன்னளவில் ஜி.பி.எல்தான், ஆனால் மூடிய மாட்யூல்களை ஏற்றுகிறது. எனவே கெர்னலில் கறை விழும், ஆனால் தேவையான ஃபங்ஷன்களைப் பயன்படுத்தலாம். அதற்கு அடுத்த குறிப்பு டிரைவர்லோடர் பற்றியது. அது லினக்ஸாண்ட் நிறுவனம் இதே வேலைக்கு விற்ற நிரல். அது ஜி.பி.எல் என்று பொய்யாகக் காட்டிக்கொண்டு பிடிபட்டது, எனவே கறையும் விழும், அந்த ஃபங்ஷன்களும் கிடையாது.

எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன துபாஷிக்கு ஒரு நீதி, பொய் சொன்னவனுக்கு ஒரு நீதி என்று சில வரி நிரலில் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான்.

ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன?

இந்தக் கேள்வியும் வந்தது. 2006 டிசம்பரில் கிரெக் குரோவா-ஹார்ட்மன், 2008 முதல் ஜி.பி.எல் அல்லாத மாட்யூல்களை ஏறவே விடாத ஒரு திருத்தத்தை அனுப்பினார். லினஸ் எதிர்த்தார். பதிப்புரிமையை அளவுக்கு மீறி நீட்டினால், பாட்டுக் கம்பெனிகள் செய்யும் அடாவடியை நாமும் செய்வதாக ஆகிவிடும் என்றார். கிரெக் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்.

அதோடு கிரெக் நிற்கவில்லை. 2007 ஜனவரியில் நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார். சிப்பின் விவரத்தைக் கொடுங்கள், நாங்களே இலவசமாக டிரைவர் எழுதித் தருகிறோம். 2008 ஜூனில் 130-க்கும் மேற்பட்ட கெர்னல் நிரலாளர்கள், மூடிய மாட்யூல்கள் கெடுதலானவை, விரும்பத்தகாதவை என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

இதற்கிடையே இன்னொரு கூட்டம் சத்தமில்லாமல் உழைத்தது. பிராட்காம் சிப்பை ஆராய்ந்து ஒரு குழு விவரக் குறிப்பு எழுதியது. அதை மட்டும் படித்து வேறொரு குழு டிரைவர் எழுதியது. நகல் எடுத்தார்கள் என்று யாரும் வழக்குப் போடக் கூடாது என்பதற்காக இந்தப் பிரிவினை. 2006 ஜூனில் 2.6.17 கெர்னலில் அந்த டிரைவர் சேர்ந்தது. 2008-ல் ஏதெராஸ் நிறுவனம் தானே திறந்த டிரைவர் வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் இறங்கி வந்தது. என்டிஸ்ராப்பரின் தேவை மெல்லக் கரைந்தது.

கறை இடம் மாறியது

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் கதை அப்படி இல்லை. திறந்த டிரைவர்களில் பலவும் ஒரு மூடிய பொருளை ஏற்றுகின்றன. அதுதான் ஃபர்ம்வேர். அது நம் பிராசஸரில் ஓடாது, சிப்பின் உள்ளே ஓடும். டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் சிப்பில் கொட்டுவதோடு சரி. எனவே கெர்னலில் கறை விழுவதில்லை. ஆனால் மூலநிரல் இல்லை என்பது இல்லைதானே?

டெபியன் இதில் பட்ட பாடு பெரியது. 2006-லும் 2008-லும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2011 பிப்ரவரியில் வந்த 6.0 பதிப்பில் கெர்னலிலிருந்து மூடிய ஃபர்ம்வேரை நீக்கினார்கள். விளைவு, நிறுவும்போது வை-ஃபை வேலை செய்யாது. வை-ஃபை இல்லாமல் ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது? கடைசியில் 2022-ல் மறுபடி வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் நிறுவு வட்டிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். இதை மறைக்காமல், "கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்" என்று தனிப் பிரிவாகப் பெயர் போட்டே வைத்தார்கள்.

என்விடியா கதை எல்லோருக்கும் தெரியும். 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டிய காட்சி பிரபலம். 2020-ல் வந்த 5.9 கெர்னலில் ஒரு முக்கிய விதி சேர்ந்தது. மூடிய மாட்யூலின் ஃபங்ஷன்களை ஒரு ஜி.பி.எல் மாட்யூல் பயன்படுத்தினால் கறை அதற்கும் ஒட்டிக்கொள்ளும், சலுகையும் போகும். கைமாற்றிக் கொடுக்கும் இடைத்தரகர் வேலையைப் பற்றி 2006-ல் லினஸ் சொன்ன வாதம், பதினான்கு வருடம் கழித்து நிரலாகவே ஆனது. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை வெளியிட்டது. மூடிய வேலையில் பெரும் பங்கு அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்துக்கு யாருமே போகவில்லையா? போனார்கள். விஎம்வேர் தன் மூடிய கெர்னலுக்குள் ஓர் இடைநிரல் வழியாக லினக்ஸ் டிரைவர்களை ஓட்டியது. என்டிஸ்ராப்பரைக் கண்ணாடியில் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்! கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2015-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வழக்குப் போட்டார். அவர் எழுதிய வரிகள் எவை என்று போதுமான அளவு நிறுவப்படவில்லை என்று 2016-ல் தள்ளுபடி, 2019 மேல்முறையீட்டிலும் தள்ளுபடி. எது கிளைத்தது, எது தனித்தது என்ற மூலக் கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை. ஆனாலும் விஎம்வேர் அந்த இடைநிரலைத் தன் அடுத்த பெரிய பதிப்பில் எடுத்துவிட்டது.

எனக்குத் தோன்றியது

என்டிஸ்ராப்பர் நல்லதா கெட்டதா? "அதுதான் வேலை செய்கிறதே" என்று நிறுவனங்கள் திறந்த டிரைவரைத் தள்ளிப்போட அது உதவியது என்று குறை சொன்னவர்கள் உண்டு. மறுக்க முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் மாமா போன்ற எத்தனையோ மாணவர்கள் ஒரே வாரத்தில் லினக்ஸை அழித்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள். திறந்த டிரைவர் வேண்டும் என்று கேட்கவே ஆள் இருந்திருக்காது.

முதலில் அந்தக் கறை என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை, ஏதோ தீண்டாமை போலப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. பயனரை அது தடுக்கவில்லை, உன் கணினி உன் இஷ்டம் என்றது. எழுதியவரையும் கட்டிப்போடவில்லை, நீ பார்க்க முடியாத நிரலுக்கு நீ பொறுப்பல்ல என்றது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் மறைக்காதே என்றது. டெபியன் ஃபர்ம்வேருக்குத் தனிப் பெயர் போட்டு வைத்ததும் இதே வழிதான். தீர்க்க முடியாத ஒரு சட்டக் கேள்வியோடு சேர்ந்து வாழ இது ஒரு நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அது சரிடா, அந்த டிரைவர் சி.டி. பரண்ல கெடச்சுதா?" என்றார்.

கிடைத்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் :-)